கலிபோர்னியாக் கோப்பை

என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருப்பவை எல்லாம் கலிபோர்னியாவில் ஐம்பது, அறுபதுகளில் செய்த பீங்கான்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் மற்றவர்கள் சொக்லேட் சொல்வார்கள். நான் பழைய பீங்கான் சொல்வேன். எனக்கு விசர் என்று கோப்பாய் ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும்.

இந்த விசருக்குக் காரணம் மேல்தட்டில் இருக்கும் ஒரு சோற்றுக் கோப்பை. சோறு சாப்பிடும் பீங்கான் தட்டைத்தான் நாங்கள் கோப்பை என்போம். கடல் பச்சை நிறம். பூ இல்லை, பொன்வரி இல்லை. ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும்.

அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் மனைவி ஊரை விட்டுப் போகும்போது இதே மாதிரிக் கோப்பைகள் கொஞ்சத்தை எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்குக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரியை நாங்கள் 'நாச்சியார்' என்றுதான் கூப்பிட வேண்டும். நாச்சியார் அவற்றை ஒரு நாளும் உள்ளே எடுக்கவில்லை. வெள்ளைக்காரர் மாட்டிறைச்சி தின்ற கோப்பையாம், கழுவினாலும் தீட்டுப் போகாதாம். எறியவும் மனமில்லை. மாட்டுக்கொட்டிலில் செருகிவைத்து, வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் ஆட்களுக்கு அவற்றில் சோறு போட்டார். உலகம் தேடி அலைகிற பீங்கானில், மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நானும் அம்மாவும் சாப்பிட்டோம். சாப்பிட்டபின் நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

நாச்சியார் வீட்டார் கனடாவுக்குப் போனபோது, "உதுகளை நீயே எடு" என்று அம்மாவிடம் தள்ளிவிட்டார்கள். சண்டைக் கால இடப்பெயர்வுகளில் மற்றவை எல்லாம் உடைந்து ஒன்றே மிஞ்சியது. அம்மா அதைச் சீலையில் சுற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டேன். "நல்ல சாமான் எல்லோ" என்றார்.

போன வருடம் நாச்சியாரின் மகள் கோயில் திருவிழாவுக்கு வந்தவர், என் அலுமாரியைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. சின்னதில் என்னை 'டேய்' என்றவர், இப்போது 'நீங்கள்' என்றார். கனடா அதையாவது பழக்கியிருக்கிறது.

"இது எங்கடை அம்மான்ரை கோப்பை எல்லோ?"

"ஓம்."

"அம்மான்ரை ஞாபகமெண்டு என்னட்டை ஒண்டும் இல்லை. இதை எனக்குத் தாங்கோவன்."

அழுதார். பொய் அழுகை இல்லை. எனக்கும் மனம் இளகியது.

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "ஐயோ, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "சோடா இருந்தால் தாங்கோ" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மூடி திறக்காத போத்தலுக்குள் எங்கள் கை பட்டிருக்காது.

அலுமாரியைத் திறந்து கோப்பையை வெளியே எடுத்தேன். "கோப்பையைத் தாறன்" என்றேன். "மத்தியானச் சோறு ஆயத்தம். இதிலையே போட்டுத் தாறன். சாப்பிட்டிட்டு, கழுவிக் கொண்டு போங்கோ."

அவர் கோப்பையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "வான்காரன் நிக்கிறான், நேரம் போகுது" என்று எழும்பிவிட்டார்.

கொடுக்க மனமில்லாத கஞ்சன் என்று என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தாராம். பழி தீர்த்துவிட்டேன் என்று மனைவி நினைக்கிறாள். அதுவும் இல்லை. என் அம்மாவின் ஞாபகமாக என்னிடமும் வேறு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் ஒரு பிடி சாப்பிட்டிருந்தால், கொடுத்தே இருப்பேன்.