ஏஜெண்டு கேட்காத பெயர்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அளவுச் சீட்டு ஒன்று இருக்கிறது. நான்காக மடித்து வைத்து மடித்து வைத்து, மடிப்புகள் இற்றுப்போய்விட்டன. பினாங்குக்கு எதிரே இருக்கும் ஜெரெஜாக் தீவின் தொற்றுநோய் முகாமிலிருந்து ஆளை வெளியே விடும்போது கொடுக்கும் சீட்டு அது. மேலே எங்களுக்கு முன்பின் தெரியாத ஓர் ஆணின் பெயர். அதற்குக் கீழே கறுப்பு மையில் ‘வைஃப், ஒன்று’ என்று எழுதியிருக்கும். அந்த ஒன்று என் அம்மா. சீட்டு அவள் கைக்கு வந்தபோது என் அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஏதோ பாசத்தால் இதைப் பாதுகாக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கு ஸ்திரீட்டில் கப்பல் டிக்கெட் வாங்கித் தருபவர் ஒருவர் இருந்தார். ஊர் அவரை ஏஜெண்டு என்றே கூப்பிட்டது. வேட்டிக்கு மேல் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி, சுவரில் பெரிய கப்பல் படம். வந்தவர்களுக்கு எதிர்க்கடையிலிருந்து காப்பி வரவழைத்துக் கொடுப்பார். அவர் கைராசிக்குக் கடல்கூட அடங்கிக் கிடக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. பீச் ஸ்திரீட்டில் கப்பல் கம்பெனியின் ஆபீஸ் கூப்பிடு தூரத்தில் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நேரே போய் டிக்கெட் கேட்க நம் ஆட்களில் பலருக்குக் கூச்சம். பெண்கள் அந்தப் படியேறுவது என்பது பேச்சுக்கே இல்லை. அந்தக் கூச்சத்தின் மேல்தான் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா போன பிறகு வீட்டில் மசாலை அரைத்து வீடுவீடாகக் கொடுத்து, என்னைப் படிக்கவைத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக்கினாள். தனக்கென்று அவள் கேட்டது ஒன்றுதான்: மதுரையைப் பார்க்க வேண்டும். அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். எனக்குப் பள்ளியில் லீவு கிடைக்கவில்லை. பரவாயில்லை, தனியாகவே போகிறேன் என்றாள். டிக்கெட் பேச்சு வந்தபோது, “நாமளே பீச் ஸ்திரீட்டுக்குப் போயி கேட்டா என்னா? நமக்கு வாய் இல்லையா?” என்று கேட்டாள். நான்தான் தடுத்தேன். டீச்சரின் அம்மா தோட்டத்து ஆட்களோடு வரிசையில் நிற்பதா என்று எனக்கு இருந்த கௌரவம் அப்படி. ஏஜெண்டு இருக்கிறபோது நமக்கு ஏன் வம்பு என்று அவளை நானே அவர் கடைக்கு அழைத்துப்போனேன். இந்தக் கோபத்தில் என் பங்கும் உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை.

“பொம்பள தனியாப் போனா கவுண்டர்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க டீச்சரம்மா. நல்ல ஆளாப் பாத்து நான் தொணைக்கு விட்டுடறேன். நீங்க கவலையே பட வேணாம்” என்றார் ஏஜெண்டு. காப்பி வந்தது, குடித்தோம். அவர் அம்மாவிடம் பெயர் என்ன என்று கேட்கவே இல்லை என்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் செய்தது இதுதான். தனித்தனியாக விண்ணப்பம் எழுதச் சோம்பல்பட்டு, தனியாகப் போகிற பெண்களைத் தனியாகப் போகிற ஆண்களின் விண்ணப்பத்தில் மனைவி என்று எழுதிவிடுவார். ஒரு தாளில் இரண்டு பேர் முடிந்தார்கள். போகவரச் சேர்த்து எடுத்த டிக்கெட் என்பதால் திரும்பும் கப்பலிலும் அதே பட்டியல்தான். எத்தனையோ பெண்கள் இப்படிப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாருக்கும் நோய் வரவில்லை.

அம்மா திரும்பி வந்த கப்பலில், பட்டியலில் அவளுடைய வரிக்கு மேலே பெயர் எழுதப்பட்டிருந்த அந்த மனிதருக்கு அம்மை போட்டிருந்தது. பத்து காவான் என்கிற ஊரில் தோட்ட வேலை செய்பவர், பாவம். மேல்தளத்தில் வந்த டெக் பயணிகளை எல்லாம் ஜெரெஜாக்கில் இறக்கிச் சில நாளில் விட்டார்கள். அவருடைய ‘மனைவி’யை மட்டும் தனிக் கொட்டகையில் இரண்டு வாரம் வைத்தார்கள். தான் அவர் மனைவி அல்ல என்று அம்மா சொல்லத்தான் செய்தாள். அப்படியானால் உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்களாம். அங்கேதான் அவள் வாய் அடைத்துப்போனது. அப்பா உயிரோடு இருந்தபோதும் சரி, செத்த பிறகும் சரி, அவர் பெயரை அவள் நாக்கு சொன்னதில்லை. ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பது அந்த வெள்ளைக்கார டாக்டருக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்கிறாள் என்று நினைத்துப் பட்டியலை அப்படியே விட்டுவிட்டார். சாப்பாட்டுக்குப் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். தினமும் இரண்டு வேளை, இன்னாருடைய மனைவி என்று உரக்கக் கூப்பிட்டபோது, வெள்ளைச் சேலையோடு அம்மா எழுந்து போய்த் தட்டை நீட்டியிருக்கிறாள். அந்தத் தோட்டத்து மனிதர் குணமாகிய பிறகு அவளை அக்கா என்று கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

நான் அந்த நாட்களில் துறைமுகத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி ஒருவர் கப்பலில் ஏறவே இல்லை என்றார்கள். நடுக்கடலில் செத்து, கடலிலேயே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் அப்படி நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

அவள் வந்து சேர்ந்தபோது ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஏஜெண்டின் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் காப்பியைக் கீழே வைக்கக்கூட இல்லை. “பேப்பர்ல எழுதுறதுதானே லா, அதுக்கு என்னா? உசுரோட வந்துட்டாங்க இல்ல?” என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். ஜெரெஜாக் கல்யாணம் என்று பெயர் வைத்து, காப்பிக்கடையில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்தார். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். மதுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை ஆசையோடு போனவள், என்ன பார்த்தாள், என்ன சாப்பிட்டாள், எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டால் எழுந்து அம்மிக்குப் போய்விடுவாள். ஒரு மனுஷி ஆயுளில் ஒரே ஒரு முறை பார்த்த ஊரை அந்த ஆள் அழித்துவிட்டார். அன்று முடிவு செய்தேன், இவரைச் சும்மா விடுவதில்லை என்று.

ஒரு சனிக்கிழமை பீச் ஸ்திரீட் ஆபீஸில் நானே படியேறினேன். கவுண்டரில் இருந்தவர் பெயர், வயது, எந்த ஊருக்கு என்று மூன்றே கேள்வி கேட்டார். கூட வரும் ஆண் யார் என்று கேட்கவில்லை. ஆயிரம் கேள்வி என்று ஏஜெண்டு சொன்னது இந்த மூன்றைத்தான். வெளியே வந்து நடைபாதையில் நின்று சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அதன் பிறகு ஊருக்குப் போக நினைக்கும் பெண்கள் யாராயிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அம்மா அம்மிக்குப் பக்கத்தில் கவுண்டர்க்காரர்போல உட்கார்ந்து, “பேரு? வயசு? எந்த ஊரு?” என்று அதட்டிக் கேட்பாள். பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வார்கள். “அது கப்பல்காரனுக்கு எப்படிக் கேக்கும்? சத்தமாச் சொல்லு” என்பாள். தேறியவர்களைச் சனிக்கிழமை நான் அழைத்துப்போவேன். ஏஜெண்டு கடை வழியாகத்தான் போவேன். வேறு நேர்வழி இருந்தது. அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சுற்றிப் போனேன்.

முதலில் அவர் பார்த்துச் சிரித்தார். பிறகு, டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்று ஆள் விட்டுச் சொன்னார். பெண்கள் போவதைப் பார்த்து ஆண்களுக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. அவர் கடை பெஞ்சு காலியானது, காப்பி நின்றது, ஒரு நாள் கப்பல் படத்தையும் கழற்றினார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு இருக்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஊருக்குப் போக வேண்டுமாம். அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது; எழுதிக்கொடுத்த குமாஸ்தா எப்போதோ விலகிப் போய்விட்டார். ஒரு காலத்தில் தனக்கு நாற்காலி போட்ட ஆபீஸில், நான் அனுப்பிய பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. “டீச்சரம்மா எழுதி வாங்கிக் குடுத்தா புண்ணியமாப் போவும்” என்றார். தாளை எடுத்து வைத்தேன். பேனாவைத் திறந்தேன். பிறகு கேட்டேன்.

“எங்க அம்மா பேரு என்னா, ஏஜெண்டு ஐயா?”

அவர் மனைவியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“உள்ளதான் இருக்காங்க. போயி கேட்டுட்டு வாங்க. அப்புறம் எழுதறேன்.”

சமையற்கட்டு வாசலில் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, “அம்மா, ஒங்க பேரு என்னாம்மா?” என்று கேட்டார். அம்மி சத்தம் நின்றது. அம்மா குரலை உயர்த்தவில்லை. “ரெண்டு வாரம் யாரோ ஒருத்தரு பொஞ்சாதின்னு கூப்பிட்டாங்க. எந்திரிச்சுப் போனேன். போனாத்தான் சோறு. இப்ப எனக்கு ஒங்ககிட்ட சோறு ஒண்ணும் வேணாம். போங்க” என்றாள். அம்மி சத்தம் மறுபடி எழுந்தது.

அவர் என் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் மனைவி எழுந்திருக்கவில்லை. “எம் பேர மட்டும் எழுதுங்க டீச்சர்” என்று சொல்லி, தன் பெயரையும் வயதையும் தெளிவாகச் சொன்னாள்.

அவள் தனியாகவே கப்பலேறினாள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். வழியனுப்ப அல்ல. நான் பத்து நாள் நின்ற அதே வாசலில் அவர் நிற்பதைப் பார்க்கத்தான் போனேன். நின்றார். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை நின்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மசாலைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மதுரைக் கோயில் யானை இருக்கே, பழத்த எடுக்கறதுக்கு முன்னாடி எம் மூஞ்ச ஒரு வாட்டி பாத்துச்சு” என்று தொடங்கினாள். விளக்கேற்ற வேண்டிய நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அம்மா இப்போது இல்லை. ஏஜெண்டு பிறகு ஊருக்குப் போனாரா இல்லையா என்று நான் விசாரித்ததில்லை. சீட்டை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பிரித்துப் பார்ப்பேன். ‘வைஃப், ஒன்று’ என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் அவள் பெயரை எழுதலாமா என்று பேனாவைக்கூட எடுத்திருக்கிறேன். எழுதியதில்லை. ஏஜெண்டு கேட்டு வந்தபோதும் அம்மா கொடுக்காத பெயரை அந்தத் தாளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.