முதலில் ஒரு டாலர்

பிஷ்கெக் நகரின் தொர்தோய் சந்தையில் எங்கள் வரிசையில் குளிர்கோட்டு விற்கிற சூராகான், அதற்கு முன் பதினொரு வருஷம் அந்த ஊர் டிராலிபஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டை வாங்கிப் பார்க்காமல் யாரையும் நம்பியதில்லை.

குவாங்சோவுக்குச் சரக்குப் பணத்தைப் போனிலேயே கிரிப்டோ டாலராக அனுப்பும் வழக்கம் வந்தபோது, ஏழு கடைக்காரிகளும் ஆளுக்கு மூன்று டாலர் கட்டணம் அழுதோம். எல்லாவற்றையும் தன் போன் வாலட்டில் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பும் வழியைக் கண்டவள் அவள்தான். ஆனால் முதலில் ஒரு டாலர் மட்டும் அனுப்புவாள். அங்கே இருக்கும் எங்கள் தரகன் மிர்பெக் வந்துவிட்டதென்று போனில் சொன்ன பிறகுதான் மீதி போகும். அதற்கு இரண்டாவது கட்டணம். சுத்த வெட்டிச் செலவு என்று வரிசை முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான்.

போன செப்டம்பரில் அவளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. போனை என்னிடம் நீட்டினாள். உள்ளே நாற்பத்திரண்டாயிரம் டாலர், ஏழு பேரின் குளிர்கால முதலீடு மொத்தமும். பழைய வரவு செலவுப் பட்டியலிலிருந்து மிர்பெக்கின் வாலட் முகவரியை, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நீளச் சரத்தை, எடுத்துப் போட்டேன். வந்திறங்கும் மூட்டைகளை, மேலே எழுதிய குறியின் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்தே பிரிக்கிறவர்கள் நாங்கள். முகவரியையும் அப்படித்தான் பார்த்தேன். சரியாக இருந்தது.

"மொத்தமா அனுப்பிடறேன் அக்கா. மூணு டாலருக்கு ஒரு தட்டு லக்மான் சாப்பிடலாம்."

"லக்மான் நான் வாங்கித் தர்றேன். மொதல்ல ஒரு டாலர அனுப்புடி."

பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். பணம் வரவில்லை என்றான் மிர்பெக். கால் மணி நேரம் கழித்தும் அதே பதில். சூராகான் முகவரியை எழுத்தெழுத்தாக வாசிக்க, அவன் ஒப்பிட்டான். நடுவில் எல்லாமே வேறு! எவனோ தலையும் வாலும் ஒத்த முகவரி ஒன்றைச் செய்து, அதிலிருந்து சூராகானின் வாலட்டுக்குச் சில்லறை அனுப்பி எங்கள் பட்டியலுக்குள் நுழைந்திருந்தான். ஏழு குடும்பத்தையும் நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேனே பாவி!

சூராகான் அவனிடமிருந்து சரியான முகவரியை வாங்கி மறுபடி ஒரு டாலர் அனுப்பினாள். வந்தது. அப்புறம் மொத்தமும் போய்ச் சேர்ந்தது.

வரிசை நடுவில் நின்று என் தப்பை நானே உரக்கச் சொன்னேன். பெண்கள் தங்கள் கடைகளான கண்டெய்னர்களின் இரும்புக் கதவைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். எவ்வளவு நஷ்டம் என்று ஒருத்தி கேட்டாள்.

சூராகான் வீங்கிய வாயோடு சிரித்தாள். "கட்டணத்தோட நாலு டாலர். அதுல திருடனுக்குப் போனது ஒண்ணுதான். பாவம், டீ குடிச்சுக்கட்டும்."