வண்டு தின்ற மரமும் வண்டக்காவும்

அவளுக்கு ஊர் வைத்த பெயர் வண்டக்கா. கேலியாகத்தான் வைத்தார்கள். மலைச்சரிவில் வண்டு துளைத்துப் பட்டுப்போன பைன் மரங்களை, அறுவை மில்காரர்கள்கூடச் சீண்டாதவற்றை, லாரியில் ஏற்றிவந்து வீட்டுக்குப் பின்னால் இறக்கினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தகர ஷெட்டின் கதவில் அதையே பெயிண்டால் எழுதச் சொன்னாள்: வண்டக்கா பலகை.

அதற்கு முன் பதினான்கு வருஷம் ஒரு சிமெண்ட் கடையில் வேலை பார்த்தவள். மூட்டையைத் தட்டிப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் தச்சர், வருஷத்தில் பத்து மாதம் வெளியூர்க் கட்டடங்களில் கதவும் ஜன்னலும் மாட்டிக்கொண்டிருந்தவர். அவளுக்குச் சிமெண்ட் தெரியும், அவருக்கு மரம் தெரியும். இரண்டும் கலக்கக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் பிடித்தது.

பலகை செய்யும் வேலை, கேட்பதற்கு எளிது. மரத்தை நாடா நாடாவாகச் சீவி, நனைத்து, சிமெண்டில் புரட்டி, அச்சில் அமுக்கி, மேலே கனம் ஏற்ற வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றினால் பலகை. விற்பதுதான் பாடு. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி.

"வண்டு வெளிய வருமாக்கா?"

"அது மரத்தக் கொன்ன கையோட வேற மரம் பார்த்துப் பறந்துடுச்சு. அப்படியும் ஒண்ணு சிமெண்டக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்தா எங்கிட்ட அனுப்புங்க. சம்பளம் போட்டு வேலைக்கு வச்சுக்கறேன்."

சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கோழிக்கூட்டுக்கென்று நாலு பலகை வாங்கிப் போவார்கள். கோழிகளை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது?

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, சத்தத்தை உறிஞ்சும் பலகை வேண்டும், எட்டு வகுப்புக்கும் கூரைக்கு அடியில் மாட்ட வேண்டும், மாதிரிப் பலகை பார்க்கத் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். இது கைகூடாவிட்டால் தச்சர் அடுத்த மாதம் மறுபடியும் வெளியூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதை இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஷெட் போட்ட இந்த நாலு வருஷமாகக் காலை டீக்கு எதிரெதிரே உட்கார்ந்து பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவள் ஒரு வீட்டில் பலகை இறக்கப் போயிருந்தபோது, தச்சர் தனியாக ஐந்து அச்சு போட்டு வைத்தார். திங்கள் காலை முதல் அச்சைக் கழற்றினாள். பலகை வரவில்லை, சாம்பல் நிறக் கூழ் சரிந்து அவள் பாதத்தில் விழுந்தது.

"என்னங்க, தண்ணி அதிகமா ஊத்திட்டீங்களா?"

"அளந்துதான் ஊத்தினேன்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதை அவளிடம் சொல்லாமல் ரம்பத்திடம் சொன்னார். அவள் குவியலில் மிச்சமிருந்த சீவலை அள்ளிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, பிசின் மணத்தோடு இருந்தது. பட்ட மரத்துக்குரிய நீலக் கறையைக் காணோம்.

"இது எந்த மரம்?"

"நல்ல மரம்தாம்மா. போன வாரம் வெட்டினது. செத்த மரத்தையா புள்ளைங்க தலைக்கு மேல மாட்டப் போறீங்கன்னு எங்க அக்கா கேட்டுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"கேட்பாங்க. உங்க அக்காவா வந்து சிமெண்ட் கலக்கறாங்க?"

பச்சை மரத்தில் சர்க்கரை உண்டு. அது சிமெண்டை இறுக விடாது. வண்டும் அதோடு வரும் பூஞ்சணமும் அந்த இனிப்பைத் தின்று தீர்த்த மரம்தான் கல்லாகப் பிடிக்கும். நாலு வருஷமாக இதைச் சொல்லித்தான் அவள் விற்றாள். பக்கத்தில் நின்று தலையாட்டியவர் அவர். ஆனாலும் மரியாதைப்பட்ட இடத்துக்கு என்று வந்ததும் தச்சரின் கை உயிர் மரத்தைத்தான் தேடியிருக்கிறது.

வாசலில் கார் நின்றது.

"தார்ப்பாயப் போட்டு மூடிடட்டுமா? பழைய பலகை ரெண்டு இருக்கு, அத மட்டும் காட்டு."

அவளுக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. பிறகு, "வேணாம், விடுங்க" என்றாள்.

தலைமையாசிரியை குடையோடு உள்ளே வந்தார். குடை நுனியால் பழைய பலகையைக் குத்தினார், டொக்கென்றது. பக்கத்து அச்சில் குத்தினார். குடை உள்ளே போனது.

"என்னம்மா இது?"

"இது எங்க வீட்டுக்காரர் உங்க மேல வச்ச மரியாதை டீச்சர். பள்ளிக்கூடத்துக்குன்னு நல்ல மரமா தேடிப் போட்டாரு. நிக்கல." பிறகு சர்க்கரை, வண்டு, பூஞ்சணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தச்சரின் காது மடல் சிவந்திருந்தது.

"இத என்கிட்ட மறைச்சிருக்கலாமே?"

"குடையோட வந்திருக்கீங்க. எப்படியும் குத்தத்தான் போறீங்க."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விவரமானவர். "எட்டு வகுப்பும் இப்ப தர மாட்டேன். ஒண்ணாங் கிளாஸ் மட்டும் போடுங்க, அங்கதான் காது கிழியுது. ஒரு வருஷம் பார்த்துட்டு மத்ததப் பேசலாம். செத்த மரம்தான் வேணும், சொல்லிட்டேன்."

கார் போன பிறகு தச்சர் கொஞ்ச நேரம் ஷெட்டையே சுற்றிச்சுற்றி வந்தார்.

"ஒரு கிளாசுக்கு எத்தனை பலகை ஆகும்மா?"

"அறுபது."

விரல்விட்டு எண்ணினார். "அப்ப, எப்படியும் ரெண்டு மாசம் இழுக்கும், இல்ல?"

ஒரு நாளைக்கு ஐந்து அச்சு போட்டால் பன்னிரண்டு நாள் வேலை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பின்ன? நிதானமாத்தானே செய்யணும்" என்றாள் வண்டக்கா. "முதல்ல அந்தக் கூழ அள்ளிக் கொட்டுங்க."