பகல் தூக்கத்தில் பார்த்த பூட்ஸ்

மதியம் சாப்பிட்டதும் புதுச்சேரியில் கடை கண்ணியெல்லாம் சாத்திவிட்டு ஊரே படுத்துவிடும். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஆறேழு வருடமாகியும், அவன் பழக்கிவிட்ட அந்தத் தூக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் வீடும் அப்படித்தான்.

எனக்கு அப்போது பதினாலு வயது. பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனால் விரலை விட்டுப் பார்ப்பேன். என் சந்தேகத்துக்குத் தப்பிய ஒரே ஆள் அண்ணன். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, பாயில் படுத்தபடி எனக்கு மாயாஜாலக் கதை படித்துக் காட்டுவான். வாடகைக்கு எடுத்து வந்த, அட்டை போன புத்தகம்.

அந்தக் கதையில் வரும் பையன் ஒரு மந்திரவாதியின் சீடன். வழக்கமான ராஜகுமாரன் இல்லை. நாயைக் கண்டால் ஓடுவான், வாயைத் திறந்தால் பொய். திருடும்போது யாராவது பார்த்துவிட்டால் அவர்கள் நெற்றியில் விரலை வைத்து, “நீ கண்டது கனவு” என்பான். அவர்களும் நம்பிவிடுவார்கள்.

“சரியான ஃப்ராடுண்ணா இவன்.”

“இருந்துட்டுப் போறான்டி. உனக்குப் புடிச்சிருக்கில்ல?”

பிடித்துத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஒரு மதியம் கதை கேட்டபடியே தூங்கிப்போனேன். கண் திறந்தபோது அண்ணன் சுவர்க் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். காலில் கறுப்பு பூட்ஸ். மறுபடி விழித்தபோது அவன் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுந்ததும் கேட்டேன்.

“பூட்ஸா? கெனா கண்டிருப்ப” என்று சிரித்து என் நெற்றியில் விரலை வைத்தான்.

எங்கள் வீட்டில் செருப்புக்கே வழியில்லை. பூட்ஸ் என்றால் பட்டாளம். அம்மாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. பட்டாளத்துப் பக்கமே போக மாட்டேன் என்று அண்ணன் அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். அப்பா இல்லாத வீடு. இவனும் போனால் அம்மா தாங்க மாட்டாள்.

அதற்குப் பிறகு அவன்மேல் ஒரு கண் வைத்தேன். அடுத்த தெருவில் பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சொல்தா வீட்டுக்கு ஏன் அடிக்கடி போகிறான்? விரல் நுனியில் என்ன கறுப்பு? கேட்டால், “மில்லு எண்ணெ” என்றான். முகர்ந்து பார்த்தேன். மில் எண்ணெய்க்கு அந்த வாசனை கிடையாது. பரண், அரிசிப் பானை, விறகு அடுக்கு எல்லாவற்றையும் துழாவினேன். பூட்ஸ் கிடைக்கவில்லை. ஆனால் மதியத் தூக்கத்தின் நடுவில் மட்டும் டக் டக்கென்று சத்தம் கேட்கும். எழுந்து கேட்டால் அதே சிரிப்பு, நெற்றியில் அதே விரல். ஆத்திரமாக வரும். நாளாக ஆக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கனவை நம்பி அம்மா வயிற்றில் புளியைக் கரைக்கவும் மனம் வரவில்லை.

இன்னொரு மதியம் அண்ணன் என் பாய் ஓரம் வந்து உட்கார்ந்தான். அதே பூட்ஸ். என் கன்னத்தைத் தடவினான்.

“நான் போறேம்மா. அம்மாவப் பாத்துக்க.”

அவன் கண்ணில் தண்ணீர். அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. அதனால் இது கனவேதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நெற்றியில் விரல் வைப்பான் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. நான் புரண்டு படுத்துக்கொண்டேன்.

கடைகள் திறக்கும் சத்தத்தில் எழுந்தேன். பக்கத்துப் பாய் சுருட்டி வைத்திருந்தது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“கன்னத்துல என்னாடி கரி?”

துடைத்து விரலை முகர்ந்தேன். பூட்ஸ் பாலிஷ்.