பிள்ளை இல்லாமல் பழத்தோட்டத்துக்குப் போன கிளெனிஸ்

கிளெனிஸ் பிரீஸுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் கையைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினார்கள். பெற்றவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவருடைய பிழைப்பு. நானும் என் அக்காவும் அவருடைய சமையலறைத் தரையில் தவழ்ந்தவர்கள்தான்.

எங்கள் ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கத்தில், இங்கிலாந்தில் எல்லா இடத்திலும் போலவே, நாலு வயதான பிள்ளை செப்டம்பரில் பள்ளிக்கூடம் போய்விடும். அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலத் தொடக்கத்திலும் கிளெனிஸ் ஒரு பிள்ளையையாவது இழப்பார். அது அவருக்குப் பழகிப்போன விஷயம். ஒன்று சீருடை போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது இன்னொன்று உள்ளே தரையில் உருண்டுகொண்டிருக்கும். துக்கப்பட நேரம் இருக்காது, துடைக்க மூக்கு இருக்கும்.

இந்த வருடம் அப்படி ஒன்றும் உருளவில்லை. புறவழிச் சாலையில் பெரிய காப்பகம் ஒன்று திறந்திருந்தார்கள். பிள்ளை தூங்கினால்கூட அம்மாவின் போனுக்குப் படம் வரும். புதுக் குழந்தைகள் எல்லாம் அங்கே போய்விட்டன. கிளெனிஸிடம் மிச்சம் இருந்தவன் வில்ஃப் மட்டும்தான். பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கும் டாம்சினின் மகன். பிறந்து ஒன்பதாம் மாதத்திலிருந்து கிளெனிஸிடம் வளர்ந்தவன். அவனும் இந்த செப்டம்பரில் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான்.

ஆனால் முழுசாகப் போய்விடவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் சில வாரங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். அழுது பழகட்டும் என்றுதான். அந்த வாரங்களில் மத்தியானம் வில்ஃபை அழைத்துவந்து வைத்துக்கொள்வது கிளெனிஸ். அந்த வாரங்களுக்குள்தான் பழத்தோட்டப் பயணமும் வரும்.

சர்ச் கூடத்தில் வாராவாரம் கூடும் சின்னப் பிள்ளைகள் குழு செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஹாலோ பண்ணைக்குப் போகும். கைக்குழந்தைகள் மரத்தடியில் போர்வையில் கிடக்கும். நடக்கப் பழகியவை விழுந்த ஆப்பிள்களைப் பொறுக்கி ஒரு கடி கடித்துவிட்டு எறியும். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் வைக்கோல் கட்டுகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்து தோட்டத்தைச் சுற்றி வருவார்கள். கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை வாசலோரம் இருக்கும் பழைய மரத்தில் மேல்கிளை ஆப்பிள் ஒன்றைப் பறிக்கும். யார் அழைத்துவந்தார்களோ அவர்கள் தோளில் ஏற்றிப் பிடிக்க வேண்டும். கிளெனிஸ் அப்படிப் பல பேரைத் தோளில் ஏற்றியிருக்கிறார். வில்ஃபையும் ஏற்ற வேண்டும் என்று ஆகஸ்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவன் கனம் கனக்கிறான். என் இடுப்பு தாங்குதான்னு பாத்துருவோம்" என்று எங்கள் வேலி வழியாக என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு டாம்சின் அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"கிளெனிஸ், ஒரு நல்ல சேதி. வில்ஃப் ரொம்ப நல்லாப் பழகிட்டானாம். டீச்சர் இப்பவே முழு நாளும் இருக்கட்டும்கிறாங்க. நாளையிலேருந்து நீங்க மத்தியானம் ஓட வேண்டாம். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு."

பழத்தோட்டம் டாம்சினுக்கு மறந்தே போயிருந்தது. 'வியாழக்கிழமை மட்டும் அவனை என்னிடம் விடு' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சம்மதித்திருப்பாள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டும் என்று எதையும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் தானாகக் கொடுத்தால் இரண்டு முறை மறுத்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். கேட்பது கெட்ட பழக்கம் என்று எங்களை அப்படித்தான் வளர்க்கிறார்கள். கிளெனிஸே எங்களை அப்படித்தான் வளர்த்தார்.

"ரொம்ப சந்தோசம்மா. என்னைப் பத்திக் கவலைப்படாத" என்று சொல்லிப் போனை வைத்தார்.

இதையெல்லாம் பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை எனக்கு எதுவும் தெரியாது. நான் ஜூலையில் பள்ளிப் படிப்பை முடித்தவள். மேலே என்ன செய்வது என்று தெரியாமல் அக்காவின் எட்டு மாதக் குழந்தை மார்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையோடு குழுத்தலைவி பிப்பின் காரில் ஹாலோ பண்ணைக்கு வந்திருந்தேன். கிளெனிஸின் சிவப்புக் கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. கையில் பெரிய தகர டப்பாவோடு இறங்கினார். வருடா வருடம் ஓட்ஸும் தேன்பாகும் சேர்த்துச் சுட்ட வில்லைகளை அவர்தான் கொண்டுவருவார். டப்பாவைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடத்தான் வந்தாராம்.

டிரெய்லர் பக்கத்தில் பண்ணைக்காரரின் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். ஊருக்குப் புதிது. பிள்ளை இல்லாத பெரியவர்களை டிரெய்லரில் ஏற்றக் கூடாது என்பது பாதுகாப்புக்காகப் போட்ட விதி.

"உங்க பிள்ளை எங்கங்க?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதுவரை கிளெனிஸை யாரும் பிள்ளை இல்லாமல் பார்த்ததே இல்லை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, அது இல்லாவிட்டால் காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. அன்றைக்கு அந்த டப்பா மட்டும் இருந்தது.

"வந்துக்கிட்டிருக்கான். அவங்கம்மா கூட்டிட்டு வர்றா" என்றார் கிளெனிஸ்.

"ஓ, வில்ஃபா! அப்ப காத்திருப்போம். அவனை விட்டுட்டுப் போனா நல்லாருக்காது" என்றாள் பிப்.

அப்படியே காத்திருந்தோம். வைக்கோல் கட்டுகளின் மேல் அம்மாக்கள், ஒரு அப்பா, மழைக் கோட்டில் பொதிந்த பிள்ளைகள். ஒரு பையன் உலர்திராட்சையை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தான். மார்னி என் சட்டைப் பித்தானைக் கடித்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. அழுகிய ஆப்பிள்களைச் சுற்றிக் குளவிகள் சோம்பலாகப் பறந்தன. டிராக்டர் ஓட்டுகிற கிழவர் கார்வின் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"ராஜா பல்லக்குல வர்றாரோ?"

"சும்மா இருங்க கார்வின்," என்றாள் பிப். "சின்னப் பையன். பூட்ஸ் போடவே அரை மணி நேரம் ஆகும்."

"நான் சும்மாதான் இருக்கேன். எஞ்சின்தான் டீசல் குடிக்குது."

யாரும் முகம் சுளிக்கவில்லை. 'கிளம்பலாமா' என்றும் கேட்கவில்லை. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதபோது அதன் அம்மா கிளெனிஸிடம்தான் மன்னிப்புக் கேட்டாள். கிளெனிஸின் கழுத்து சிவந்துகொண்டே போனது.

"நீங்க கிளம்புங்கம்மா. பிள்ளைங்க நனையுது. அவங்க வந்ததும் நான் அவனைக் கூட்டிட்டு நடந்தே வந்துர்றேன்" என்றார் கடைசியில்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான். போங்க."

டிரெய்லர் குலுங்கிக் கிளம்பியது. ஆப்பிள் பிழியும் கொட்டகையின் கூரை விளிம்புக்குக் கீழே அவர் டப்பாவை அணைத்தபடி நின்றார். பிள்ளைகள் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார். இனி அங்கிருந்து போகவும் முடியாது. போனால் பொய் தெரிந்துவிடும். வராத பிள்ளைக்காக, நாங்கள் சுற்றி வரும்வரை அவர் அங்கேயே நின்றாக வேண்டும்.

தோட்டத்தின் மறுகோடியில் பிப் டாம்சினுக்குப் போன் போட்டாள். ஏதோ விபத்தோ என்று அவளுக்குப் பயம். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"என்னது, ஸ்கூல்லயா இருக்கான்?" என்று பிப் தாழ்ந்த குரலில் கேட்டாள். பிறகு டாம்சின் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "இல்ல டாம்சின், அவங்க உன்னைப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல. அவங்க எதுவுமே சொல்லல. அதான்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ ஒண்ணும் கேக்கலை, சரியா?"

"சரி" என்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது கிளெனிஸ் அதே இடத்தில் நின்றார். பிப் முதல் ஆளாக இறங்கினாள்.

"பாவம், டாம்சினுக்கு வேலை மாட்டிக்கிச்சாம் கிளெனிஸ். வர முடியலையேன்னு வருத்தப்பட்டா."

கிளெனிஸ் அவளை ஒரு நொடி பார்த்தார். பிப் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கிளெனிஸ் சொன்ன பொய்யை மறைக்கத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது.

"அப்படியா, பாவம்" என்று சொல்லி டப்பாவைத் திறந்தார்.

எல்லோரும் வில்லைகளைத் தின்று புகழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் சேர்ந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் அம்மா தோளில் ஏறி மேல்கிளை ஆப்பிளைப் பறித்தார்கள். கிளெனிஸ் கை தட்டினார். கை தட்டும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் யாரும் தோளில் இல்லாத அந்த உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது என்று தெரியாமல் நிற்பது போல எனக்குப் பட்டது. எனக்கு அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மார்னியை அவரிடம் நீட்டலாமா என்று நினைத்தேன். அது பிச்சை போடுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிப்பின் காரில் வேறு ஒரு அம்மா ஏற வேண்டியிருந்தது. அதனால் நான் கிளெனிஸோடு வீடு திரும்புவதாகச் சொன்னேன். குழந்தை இருக்கையை அவர் காரில் மாட்டிக்கொண்டிருந்தபோது டாம்சினின் கார் சேற்றைத் தெறித்துக்கொண்டு உள்ளே வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்திருக்கிறாள். கழுத்தில் பல் மருத்துவமனை அட்டை தொங்கியது.

"எனக்கு எப்படி மறந்துச்சு கிளெனிஸ்? ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"உனக்கு ஆயிரம் வேலை."

"அதுக்காக?"

பின்னிருக்கையில் வில்ஃப் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். முழு நாள் பள்ளிக்கூடத்தில் அவன் முகம் வெளுத்து, கண் சொருகியிருந்தது. கிளெனிஸ் கதவைத் திறந்து குனிந்தார்.

"வாடா தங்கம். மேல்கிளை ஆப்பிள் உனக்காகக் காத்திருக்கு."

வில்ஃப் அவர் கையைத் தட்டிவிட்டான். "அம்மாதான் தூக்கணும்."

"வில்ஃப்! கிளென்னி உனக்காக எவ்வளவு நேரம்..."

"அம்மாதான்!" உதடு நடுங்கியது.

"விடும்மா. பிள்ளை அசந்துபோயிருக்கு. நீதானே கூட்டிட்டு வந்த. நீ தூக்கு" என்றார் கிளெனிஸ்.

டாம்சின் தோளில் அவன் ஏறினான். அவளுக்கு உயரம் போதவில்லை. குதி உயர்ந்த செருப்பு புல்லில் புதைந்தது. கிளெனிஸ் பின்னால் நின்று அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டார். "இடது பக்கம். இன்னும் கொஞ்சம். முறுக்கு, இழுக்காத. அப்படித்தான்." ஆப்பிள் கையோடு வந்தது. வில்ஃப் அதைக் கடித்தான். அது மதுவுக்குப் பிழியும் ஆப்பிள், கசப்பு. துப்பிவிட்டு அம்மாவின் தலைமுடியில் முகத்தைத் துடைத்தான்.

அவனைக் காரில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டதும் டாம்சின் திரும்பினாள். எதையோ சொல்ல வேண்டும் என்று நின்றாள். ஆனால் கிளெனிஸ் முந்திக்கொண்டார்.

"டாம்சின், அவனை வாரத்துல ஒரு நாள் ஸ்கூல்லேருந்து நான் கூட்டிட்டு வரட்டுமா? காசுக்கில்ல. எனக்கு வேணும். செவ்வாய்க்கிழமை?"

அவர் வாயிலிருந்து 'எனக்கு வேணும்' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாம்சினும் முதல் தடவை கேட்கிறாள் போல. கொஞ்சம் திகைத்தாள்.

"செவ்வாய் அவனுக்கு நீச்சல் இருக்கே."

வழக்கமான கிளெனிஸாக இருந்தால் 'ஐயோ, ஆமாம்மா, பரவாயில்ல' என்று அதோடு விட்டிருப்பார். இந்த முறை விடவில்லை.

"அப்ப வியாழன்?"

"வியாழன்... ஆஃப்டர் ஸ்கூல் கிளப்புக்குப் பேர் கொடுத்துட்டேனே. கேட்டுப் பாத்து சொல்றேன் கிளெனிஸ். கட்டாயம் சொல்றேன்."

கார் போய்விட்டது. நாங்களும் கிளம்பினோம். வழியெல்லாம் மார்னி தூங்கினாள். தெரு திரும்பும் இடத்தில் கிளெனிஸ், "கேட்டது தப்போ?" என்றார்.

"இல்ல" என்றேன்.

அடுத்த வாரம் முழுக்க டாம்சினிடமிருந்து போன் வரவில்லை. அவள் கெட்டவள் அல்ல. அவளுக்கு வேலை அதிகம். வியாழக்கிழமை காலை மார்னிக்குப் பால் கலக்கச் சர்க்கரை கேட்பது போல ஒரு சாக்கோடு கிளெனிஸ் வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தைப் பாலில் யார் சர்க்கரை போடுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. சமையலறை மேசை துடைத்து மின்னியது. உயர நாற்காலி சுவரோரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சர்க்கரையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் இருப்பதை மறந்தவர் போலப் போனை எடுத்து டாம்சினின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வைக்கவில்லை.

"டாம்சின்? கிளெனிஸ் பேசறேன்மா," என்றார். "இன்னைக்கு வியாழன்."