வெளியே பூட்டிய வீடு

நீலாம்பாளுக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டி. சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமந்த கணவனோடு திருவனந்தபுரம் வந்தாள். அவன் காலராவில் போனபின், ஆரியசாலைக்குப் பின்புறத்துச் சந்தில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்கு ஆண்கள் வந்து போனார்கள். அதுதான் பிழைப்பு. கூட இருந்தவள் பகவதி. உறவில்லை, அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டார்கள். நான் அப்போது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குமாஸ்தா. கோர்ட்டில் நடந்தது நான் கண்டது. மற்றவை நீலாம்பாள் பின்னால் சொன்னவை.

அந்தப் பகுதி ஸ்டேஷனில் ஒரு வழக்கம் இருந்தது. சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலத்துக்கு முந்தின வாரம் இந்தப் பெண்களைப் பிடித்து அடைத்துவிடுவார்கள். சுவாமி போகிற ஊர் சுத்தமாக இருக்கவேண்டுமாம். மற்ற மாதங்களில் அதே போலீஸ்காரர்கள் அதே சந்துக்கு வந்து, காசு கொடுக்காமல் எழுந்து போனார்கள். அதில் சுத்தம் கெட்டதாக யாரும் சொல்லவில்லை. பெண்களும் ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள். வெற்றிலைக் கடை அனந்தபத்மநாபன் வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வான். அவர்கள் உள்ளே அடுப்பு மூட்டாமல், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கொல்ல வருஷம் 1111 கும்ப மாதத்தில், தாணுமாலயன் என்ற மிளகாய்த் தரகன், குடித்துவிட்டு வந்த தன்னை வெளியே போகச் சொன்ன கோபத்தில், பகவதியின் முகத்தைக் கத்தியால் கிழித்தான். வாயோரத்திலிருந்து காதுவரை காயம். தையல் போட்ட வாயால் அவள் சாட்சி சொல்ல முடியாது. பார்த்தவள் நீலாம்பாள் ஒருத்திதான்.

"போலீசுக்கா? அவன விட்டுட்டு நம்மளப் பிடிச்சு உள்ள போடுவான்" என்றாள் அவள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்தே ஸ்டேஷனுக்கு எழுதிவிட்டார்கள். பகவதி அவள் கையைப் பிடித்தவள் விடவில்லை. அதற்காகத்தான் நீலாம்பாள் சாட்சி சொல்லச் சம்மதித்தாள்.

விசாரணை ஆராட்டுக்குப் பின் என்றிருந்தது. மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல் வந்ததால் ஆராட்டுக்கு முந்தின வாரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நீலாம்பாளுக்கு யாரும் அதைத் தெரிவிக்கவில்லை. அன்று காலை சாட்சியை அழைத்துவர ஏட்டு வேதமாணிக்கம் போனான். கதவில் பூட்டு.

"ஏ நீலாம்பா! உள்ளதான இருக்க? கோர்ட்டுக்குத்தான். வா."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். முந்தின வருஷமும் இதே வேதமாணிக்கம், "கோர்ட்டுக்குத்தான், ஒரு கையொப்பு வச்சா போரும்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். போன இடம் லாக்கப். அங்கே வாங்கிய அடியில் அவள் இடது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

ஏட்டு கடைக்காரனிடம் திரும்பினான். "எங்கடே அவ?"

"ஊருக்குப் போயிருக்கா ஏமானே."

"கேஸு நடக்கச்சில ஊருக்கா? கொள்ளாம்! இவளுகளுக்கு நியாயம் ஒண்ணுதான் கொறச்சல்."

கோர்ட்டில் பியூன் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சாட்சி தலைமறைவு என்று ஏட்டு சொன்னான். "இவங்க கேஸெல்லாம் இப்படித்தான், ரூபாய் வாங்கிட்டு முடிச்சிருப்பாங்க" என்றார் மாஜிஸ்திரேட். தாணுமாலயனை விடுவித்த உத்தரவை நான்தான் எழுதினேன்.

கோர்ட்டில் பெயர் கூப்பிட்ட செய்தி மத்தியானம் கடைத்தெருவில் அடிபட்டது. அனந்தபத்மநாபன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அவள் தலைமுடியைக்கூட முடியாமல் வந்து என் மேஜைமுன் நின்றாள்.

"சாமி, நான் வந்துட்டேன். ஒருக்கா கூடிக் கூப்பிடச் சொல்லுங்க."

"முடிஞ்சுபோச்சு. உத்தரவு எழுதியாச்சு."

வராந்தாவில் தாணுமாலயன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். "என்ன நீலாம்பா, ஆராட்டு பாக்க வந்தியா?" என்றான். அவள் அவன்மேல் பாய்ந்தாள். வேதமாணிக்கம் இடையில் வந்து பிடித்துக்கொண்டான்.

"ஊர்லேந்து எப்பம் வந்தே? வந்தது வந்தாச்சு, நட ஸ்டேஷனுக்கு."

"இன்னைக்குன்னு பாத்து நீரு நெசம் சொல்லுவீருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினாள். வராந்தாவில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அதே கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றாள். தெருவில் திரிந்தது, கோர்ட் வளாகத்தில் கலகம் செய்தது என்று இரண்டு குற்றம். ஆராட்டு கழியும்வரை காவல். இதற்கு யார் சாட்சியையும் யாரும் கேட்கவில்லை.

அவள் உள்ளே இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து பகவதியை அனுப்பிவிட்டார்கள். அழைத்துவர ஆளில்லாமல் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தனியே நடந்து வந்தாள். நீலாம்பாள் வீடு திரும்பியதும், தையல் பிரித்த வாயைச் சிரமப்பட்டுத் திறந்து கேட்டாள்:

"அவனுக்கு எத்தன வருசம் போட்டாவ அக்கா?"

"ஆராட்டு முடியது வர" என்றாள் நீலாம்பாள். "எனக்கு."