புளித்தண்ணீரில் கிடந்த கல்

பின்கட்டில் புளி வாசம் தூக்கலாக இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி சாமி அறைப் பித்தளையை எல்லாம் இறக்கி, பேசினில் சுடுதண்ணீர் ஊற்றிப் புளி கரைத்து ஊறப்போட்டிருந்தாள். பழக்கதோஷத்தில் எண்ணினேன். விளக்கு இரண்டு, தட்டு மூன்று, சொம்பு ஒன்று. ஏழாவதாக ஓரத்தில் பாதி மூழ்கி ஒன்று, ரோஜா நிறத்தில்.

மருமகனுடைய கல். அர்ஜெண்டினாவில் சுரங்க வேலை பார்த்தவர், போன வருடம் காலமானார். ரோடோக்ரோசைட் என்ற இந்தத் தாதுக்கல் துண்டின் ஒரு முகத்தைத் தன் கையாலேயே தேய்த்து மெருகேற்றியிருந்தார். மகள் வந்ததிலிருந்து அது அவர் படத்தின் முன்னால்தான் இருந்தது. நாளை அவள் திரும்பிப் போகும்போது கூடவே போக வேண்டியது.

கல்லின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"ஏண்டி, யாரைக் கேட்டு இதைப் போட்ட?"

"பின்பக்கம் ஒரே கரியா இருந்துச்சு. மாப்பிள்ளை படத்துக்கு முன்னாடி அப்படியா இருக்கிறது? கல்லு என்ன சீனியா, கரைஞ்சு போக? எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீக?"

கரையும். அது மாங்கனீசு கார்பனேட். சூடான அமிலத்தில் நுரைத்து அரிபடும். கரி என்று அவள் நினைத்தது காற்றுப்பட்டுக் கருத்த மாங்கனீசுத் தோல். முப்பது வருடம் வேதியியல் நடத்திய எனக்கு அதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

எடுத்து நல்ல தண்ணீரில் அலசினேன். துடைக்கப் பயம், கத்தி முனை பட்டாலே கீறல் விழும் மென்மையான கல். திருப்பினேன். மெருகேற்றிய முகத்தின் ஒரு ஓரம்தான் சாய்வாகத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது.

பாறை வெடிப்பில் மாங்கனீசு கலந்த வெந்நீர் ஊறி, பட்டை பட்டையாகப் படிந்து உருவாவது இது. சுண்ணாம்புச் சத்து கூடிய பட்டை வெளிறியிருக்கும், குறைந்தது சிவந்திருக்கும். இதில் மொத்தம் பதினேழு பட்டை. பளபளப்பு இருந்தது பதினான்கில். மறுபடி எண்ணினேன். பதினான்குதான்.

வாசல் கேட் திறந்தது. கடைவீதிக்குப் போயிருந்த மகள். மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

கல்லை வாங்கிய மகள் மங்கிய இடத்தில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"பட்டறையில கொடுத்துத் தேய்ச்சா பழையபடி வந்துரும்மா," என்றேன்.

"வேணாம்ப்பா. அப்புறம் மொத்தமும் பட்டறைக்காரர் தேய்ச்சதாப் போயிரும். இம்புட்டாச்சும் அவரு தேய்ச்சது இருக்கட்டும்."

பிறகு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி பக்கம் திரும்பினாள்.

"அழுகாதம்மா. ஒன் பழைய சேலையில ஒரு துண்டு கிழிச்சுத் தா. பெட்டியில சும்மா வச்சா இன்னும் கீறிப்போகும்."